செருப்பறுந்த பொட்டல்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் மழை. பெரிய மழை இல்லை, புழுதி அடங்குகிற அளவுதான். எங்களுக்கு அது போதும். விடிய வெளுக்கப் பொன்மணி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவள் அம்மாதான் முதலில் வெளியே வந்தாள். "ஊர்ல உள்ளவ எல்லாம் பாம்பும் தேளும் வீட்டுக்குள்ள வந்துரக் கூடாதுன்னு கோயில்ல தகடு வாங்கிப் போடுதா. நீங்க ரெண்டு பேரும் பெட்ரோல் போட்டு அதுகளத் தேடிப் போறிய." வாராவாரம் இதே பாட்டுதான். நானும் வாராவாரம் சிரிக்கிறேன்.

மேலநீலிதநல்லூர் ரோட்டில் போய், காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதையில் திரும்பினால் எங்கள் பொட்டல். உடை மரம், சப்பாத்திக்கள்ளி, ஆவாரை, அவ்வளவுதான். யாரோ தூத்துக்குடிக்காரர் வாங்கிப் போட்டு மறந்துவிட்ட நிலம் என்று கேள்வி. பத்திரத்தில் அதற்கு என்ன பெயரோ. எங்களுக்கு அது செருப்பறுந்த பொட்டல். நாலு வருஷத்துக்கு முன்னால், முதன்முதலாகப் போன அன்றைக்கே பொன்மணியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. நெருஞ்சிமுள் காடு. என் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து அவள் காலில் கட்டி, நொண்ட நொண்டக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சில் அதுதான் பெயர். எங்கள் இடங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் வைத்திருக்கிறோம், கீரி பார்த்த பாலம், டீ கொட்டிய ஓடை என்று. உண்மையான ஊர்ப்பெயரை யாரிடமும் சொல்வதில்லை. படங்களை இணையத்தில் ஏற்றும்போதும் மாவட்டத்தின் பெயரோடு சரி.

இன்று தாசில்தார் வந்தாள். பொட்டலிலேயே பெரிய நட்சத்திர ஆமை அவள்தான். ஆபீசர் நடை நடப்பதால் அந்தப் பெயரை வைத்தோம். பெண் என்று பிறகுதான் தெரிந்தது. பெயரை மாற்றவில்லை, பெண் தாசில்தார்கள் இல்லையா என்ன. கள்ளிப்பழம் தின்று வாயெல்லாம் சிவப்பு, வெற்றிலை போட்ட மாதிரி. பக்கத்தில் அடிக்கோலை வைத்து மேலிருந்து படம் எடுத்தேன். எங்கள் கண்ணாடிக் கடையில் கருவிழி இடைவெளி அளக்கிற அதே அடிக்கோல். ஒரு ஓட்டில் இருக்கிற கோலம் இன்னொரு ஓட்டில் இருக்காது. அதனால் நாங்கள் பெயிண்ட் வைப்பதில்லை, ஓட்டைத் தேய்ப்பதில்லை, முக்கியமாகத் தூக்குவதில்லை. தூக்கினால் பயத்தில், வயிற்றில் சேர்த்து வைத்திருக்கிற தண்ணீரை எல்லாம் விட்டுவிடும். மறு மழை வரைக்கும் அது எதைக் குடிக்கும்?

பொன்மணி கள்ளிமுளையான் செடி பூத்திருக்கிறதா என்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தாள். "ஏட்டி ஜுவை, இதெல்லாம் பூராத்தையும் ஒரு புஸ்தகமாப் போட்டா எப்படி இருக்கும்?" என்றாள். இடத்தைச் சொல்லாமல் போடலாம் என்றேன். "அதுக்கென்ன" என்றாள்.

அக்டோபர் 9, புதன்

கடையில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் ரிபாயி மச்சான் ஃப்ரேம் விற்கிறார், நான் கண் பார்க்கிறேன். ஒரு அம்மா கடைசி வரி எழுத்துகளைக் கடகடவென்று சொன்னாள். கண்ணாடியே வேண்டாம் போல என்று பார்த்தால், வரிசையில் நிற்கும்போது முந்தின ஆள் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

பொன்மணிக்குக் காய்ச்சல். காலையில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள், குரல் கம்மித்தான் இருந்தது. தனியாகப் போக மனசில்லை. நொய்க்கஞ்சியும் புதினாத் துவையலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. போன் போட்டேன். "ஊசி போட வந்தேன்ட்டி. அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருக்கா. நீ போ, நான் அப்புறம் பேசுதேன்" என்றாள். பின்னால் காற்று இரைச்சலாக இருந்தது. தூக்குவாளியை கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இரண்டு பேரும் போனோம். பொன்மணி தேறிவிட்டாள். ஆனால் பேச்சு குறைவு. கல்லூரியில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிறதாம், அந்தக் கவலை என்று நினைத்தேன்.

பொட்டலில் கார் டயர் தடம். மண்பாதையில் இல்லை, உள்ளே, கள்ளிப் புதர் வரைக்கும். ஒரு உடை மரத்தின் தாழ்ந்த கிளைகளை அரிவாளால் கழித்திருக்கிறார்கள். நிழலை விலக்க வெட்டியது போல இருந்தது. "ஆட்டுக்காரனுக வெட்டியிருப்பானுக" என்றாள். ஆட்டுக்காரன் எவன் காரில் வருகிறான் என்றேன். "காத்தாடிக் கம்பெனிக்காரன் வந்திருப்பான். எல்லாத்தையும் சந்தேகப்படாதட்டி" என்று சட்டென்று எரிந்து விழுந்தாள். இது அவள் சுபாவம் இல்லை. இன்டர்வியூ டென்ஷன்தான்.

தாசில்தாரைக் காணவில்லை. மேகமில்லாத வெயில், எங்காவது புதருக்குள் ஒடுங்கியிருப்பாள்.

நவம்பர் 6, புதன்

வரிசையாக எழுதினால்தான் மனசு ஆறும்.

மத்தியானம் இரண்டு பையன்கள் கடைக்கு வந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை. ஒருத்தன் கண்ணாடியில் திருகு கழன்றிருந்தது. நான்தான் முடுக்கிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அக்கா, இங்க செருப்பறுந்த பொட்டல்னு ஒரு ஊர் இருக்காமே, எந்த பஸ்ல போகணும்? ஸ்டாண்டுல கேட்டா ஒருத்தருக்கும் தெரியல" என்றான்.

நான் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஊர் என்கிறான். அப்படி ஓர் ஊர் கிடையாது. அது என் வாயிலும் பொன்மணி வாயிலும் மட்டும் இருக்கிற ஊர். மச்சானுக்குக்கூட "அந்தப் பொட்டல்" என்றுதான் தெரியும்.

யார் சொன்னது தம்பி என்று கேட்டேன், சும்மா கேட்பது மாதிரி. "வீடியோல ஒரு மேடம் சொன்னாங்கக்கா. அங்க ஸ்டார் ஆமை நிறைய இருக்காம். வீட்ல வச்சா ராசி" என்று போனைக் காட்டினான். மடியில் ஒரு சாக்குப் பை மடித்து வைத்திருந்தான்.

சாம்ராஜ் என்று ஒருத்தன். காடு மேடெல்லாம் சுற்றி வீடியோ போடுகிறவன், லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். அவன் பக்கத்தில் பொன்மணி. பச்சைச் சுடிதார், பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் எடுத்தது. சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: "இது நான் கண்டுபிடிச்ச இடம். செருப்பறுந்த பொட்டல்னு பேரு." நான் என்கிறாள், நாங்கள் இல்லை. பின்னால் காத்தாடி நிற்கிறது, அதன் தூணில் பெரிய எழுத்தில் நம்பர். அப்புறம் அந்தச் சாம்ராஜ் தாசில்தாரைத் தூக்கினான். இரண்டு கையாலும் தூக்கிக் கேமராவுக்கு நேராகக் காட்டினான். அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. "பாத்தீங்களா, மேலயே ஒண்ணுக்கு போயிருச்சு" என்று அவன் சிரிக்க, பொன்மணியும் சிரித்தாள்.

அவளுக்குத் தெரியும். அது மூத்திரம் மட்டும் இல்லை, அதன் தண்ணீர்ப் பானை என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாக என்னோடு சேர்ந்து எல்லாரிடமும் சொன்னவள்.

வீடியோவின் கீழே தேதி இருந்தது. எடுத்தது அக்டோபர் 20. நான் கஞ்சித் தூக்கை கேட்டில் மாட்டிய அன்றைக்கு.

பையன்களை வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நேர் எதிர்த் திசை. அங்கே இறங்கிக் கண்மாய்க் கரைப் பக்கம் கேளுங்கள், யாரும் சொல்வார்கள் என்றேன். இப்படி ஒரு பொய் இதற்கு முன்னால் சொன்னதில்லை. தடுமாறாமல் வந்தது.

நவம்பர் 7, வியாழன்

போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துகொண்டாள். அம்மா அடுக்களையில் இருந்ததால் மாடிக்குக் கூட்டிப் போனாள்.

என்னட்டி இது என்று ஒன்றுதான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதெல்லாம்: அந்த ஆள் புத்தகம் போடுகிறானாம், தென்காசி மாவட்டத்துச் செடி, உயிரினங்கள் என்று. அட்டையில் இவள் பெயர் வருமாம். இன்டர்வியூவில் அதைக் காட்டலாமாம். "பதினோரு வருஷமா கௌரவ விரிவுரையாளர். கௌரவத்த நாக்குல வச்சு நக்கவா? உனக்கென்ன, கடை இருக்கு, புருஷன் இருக்காவ. உனக்கு இது ஞாயித்துக்கிழமை விளையாட்டு."

விளையாட்டா? நான் எடுத்த படம் ஒவ்வொன்றையும் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். என் பெயர் எதற்கு, வீடியோவில் எல்லாம் வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். அது நிஜம். அதையும் எடுத்துப் போட்டாள்: "உன் பேரச் சொல்லலாம்னா நீதான வேண்டாம்னே!"

பெயர் யாருக்கட்டி வேணும், இடத்த ஏன் சொன்னே என்று கத்திவிட்டேன்.

"இடத்த எங்கட்டி சொன்னேன்? செருப்பறுந்த பொட்டல்னுதான சொன்னேன். அப்படி ஒரு ஊரே கிடையாதே, எவன் கண்டுபிடிப்பான்?"

அதை அவள் நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. நாங்கள் வைத்த பெயர் பூட்டு மாதிரி என்று இரண்டு பேருமே நம்பினோம். பின்னால் நின்ற காத்தாடி நம்பர் அவள் கண்ணில் படவே இல்லை. எந்தக் காத்தாடி வாட்ச்மேனிடமும் அந்த நம்பரைச் சொன்னால் வழி காட்டிவிடுவான். வீடியோவை நீக்கச் சொல் என்றேன். போன் பண்ணுகிறேன் என்றாள். தூக்கினானே, நீயும் சிரிச்சியே என்றேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

இறங்கி வரும்போது அவள் அம்மா, "காப்பி குடிக்காமப் போறியே" என்றாள். படியில் என் கஞ்சித் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மச்சான் கூட வந்தார். அவர் இதுவரை பொட்டலுக்கு வந்ததே இல்லை. வெயில் ஆகாது என்பார்.

ஒன்றுமில்லை.

கள்ளிப் புதர்களை வெட்டிப் புரட்டியிருக்கிறார்கள். எலி வளை, பாம்பு வளை என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் கடப்பாறை. தாசில்தார் முட்டையிட்ட இடம் எனக்குத் தெரியும். பொன்மணிக்கும் தெரியும். பின்காலால் குழி தோண்டி, நனைத்து நனைத்து மண்ணைக் குழைத்து மூடி, மேலே வயிற்றால் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போனாள். ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். அதே இடத்தில் இப்போது பள்ளம். முட்டை ஓடு ஒன்று ரெண்டாகப் பிளந்து கிடக்கிறது.

நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மச்சான் என்ன செய்வதென்று தெரியாமல் குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். "எவன் செஞ்சான்னு தெரிஞ்சா சொல்லு, கையக் கால ஒடிச்சுருவோம்" என்றார். பாவம், அவர் பூனையைக்கூட விரட்டமாட்டார்.

அந்தப் பையன்களா, அவர்களுக்கு முன்பே வந்தவர்களா? தெரியவில்லை. வீடியோவைப் பார்த்தவர்கள் லட்சம் பேர், யாரென்று தேட?

நவம்பர் 11, திங்கள்

வன அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஓட்டுப் படங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் அளவும் எழுதிக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமைக்கு ஆதார் கார்டா எடுத்து வச்சிருக்கிய?" என்று சிரித்தார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார். வீடியோவைக் காட்டினேன். "இந்த மேடத்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். என் சிநேகிதி என்று சொல்ல வாயெடுத்து, அதை முழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

பொன்மணியிடமிருந்து போன். எடுக்கவில்லை.

நவம்பர் 16, சனி

மறுபடியும் போன். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்குப் பவர் மாற்றி எழுதிவிட்டேன், மச்சான்தான் பார்த்துத் திருத்தினார்.

டிசம்பர் 14, சனி

மூன்று நாளாக விடாத மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், கடை திறக்கவில்லை. இந்த மழைக்குப் பொட்டல் எப்படி இருக்கும்! கள்ளி எல்லாம் புசுபுசுவென்று ஊதி, வெல்வெட் பூச்சி சிவப்பாக ஓடும். அவள் இருந்தால், "ஏட்டி, இப்பவே போவோமா?" என்று போன் போட்டிருப்பாள். இந்த நினைப்பு எதற்கு? எவள் போன் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன.

டிசம்பர் 19, வியாழன்

வன அலுவலகத்திலிருந்து போன். மதுரையில், ரயிலில் போன ஒரு சூட்கேசைப் பிடித்திருக்கிறார்கள். சாக்ஸுக்குள் ஒவ்வொன்றாகச் சுருட்டித் திணித்த ஆமைகள். "எந்த ஊர்ச் சரக்குன்னு ஆளு சொல்ல மாட்டேங்கான். உங்க ஆதார் கார்டெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார் அதே மனிதர். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மதுரையில் ஆமைகளைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். முதல் தொட்டியில் எதுவும் எங்களுடையது இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மச்சான் என் தோளைத் தொட்டு, "அங்கன பாரு" என்றார். மூலையில் முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு, வலது முன் ஓட்டில் புதிதாக ஒரு சிறு உடைசலோடு — தாசில்தார்.

படத்தைப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிட்டுக் காட்டினேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னும் சிலவற்றை அடையாளம் சொன்னேன். நாங்கள் பெயர் வைத்ததில் மதினி இருக்கிறாள், தலையாரி இருக்கிறான். கல்யாணப்பொண்ணு இல்லை. சின்னதுகள் ஒன்றும் இல்லை.

கேஸ் நடக்கும்வரை அங்கேதான் இருக்குமாம். ஒரு கீரைக்கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2025 ஜனவரி 8, புதன்

வன அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுக்கப் போனேன். பொன்மணி நேற்றே கொடுத்துவிட்டாளாம். அந்த அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை. வாசித்தார்.

"செருப்பறுந்த பொட்டல் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆடு மேய்ப்பவர்கள் உட்படப் பலரும் அப்பெயரிலேயே அழைப்பார்கள். எனவே நான் இரகசியமான இடம் எதையும் வெளியிடவில்லை."

எல்லோருக்கும் தெரிந்த இடமாம்! என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேனே, அந்தக் காலால் நடந்துதானடி உன் வீட்டுக்குப் போனே. அந்தப் பேர எந்த ஆட்டுக்காரன்டி கூப்பிட்டான்? பயந்துட்டா. வேலை போயிரும்னு பயம். அது எனக்குப் புரியாமல் இல்லை. வீடியோவில் காட்டினது புத்திகெட்டதனம், அதைக்கூட என்றைக்காவது விழுங்கியிருப்பேன். ஆனால் இது யோசித்து, உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஒன்றை, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"நீங்க என்னம்மா சொல்லுதிய?" என்று கேட்டார். அந்தப் பெயரை நாங்கள்தான் வைத்தோம், இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்றார்.

செருப்புதான் ஆதாரம். அதை அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு. ஒவ்வொரு வருஷமும் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வந்ததும் முதல் தூக்கு பொன்மணி வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் போகவில்லை. இன்று அசர் தொழுகைக்குப் பிறகு அவள் அம்மாவே வந்துவிட்டாள். "எங்கள மறந்துட்டியாட்டி? கஞ்சி வரலையே. ரெண்டு பேரும் என்ன சண்டைன்னு கேட்டா அவளும் சொல்ல மாட்டேங்கா." என்ன சொல்வது? தூக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தேன். கூடவே இரண்டு வடையும் வைத்தேன்.

போகும்போது பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பொன்மணி கொடுத்துவிட்டாளாம். சென்னையில் பெரிய விழா நடந்ததாம். அட்டையில் சாம்ராஜ் பெயர் பெரிதாக, அதன் கீழே பொன்மணி பெயர். உள்ளே தாசில்தாரின் படம் முழுப் பக்கத்துக்கு. பக்கத்தில் என் அடிக்கோல் தெரிகிறது, அதில் எங்கள் கடைப் பெயரும் பாதி தெரிகிறது. படம் எடுத்தவர் பெயர் இல்லை. கடைசியில் நன்றிப் பட்டியலில் "தோழி ஜு." என்று போட்டிருக்கிறாள். முழுப்பெயர் போட்டால் நான் கோபப்படுவேன் என்று நினைத்தாளா, போடாவிட்டால் கோபப்படுவேன் என்று நினைத்தாளா? இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்தை வைத்திருக்கிறாள்.

நோன்போடு யாரையும் திட்டக்கூடாது. மஃரிபுக்கு நோன்பு திறந்த பிறகு திட்டினேன்.

மே 28, புதன்

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. சாரல் தொடங்கியதும் ஆமைகளை விடலாமாம். அடையாளம் சொன்ன ஆள் என்பதால் நானும் வரலாம்.

ஜூலை 13, ஞாயிறு

விட்டோம்.

எந்த இடம் என்று இங்கேயும் எழுதமாட்டேன். பெயரும் வைக்கவில்லை. மச்சான் கூட வரவில்லை, நானே வேண்டாம் என்றேன். அவரும் எங்கே என்று கேட்கவில்லை. அதிகாரிதான் ஜீப்பிலிருந்து இறங்கியதும், "ஏம்மா, உங்க பழைய இடத்துக்கு இது தேவலாமா?" என்றார். தேவலாம் என்றேன். கள்ளி இருக்கிறது. ரோடு தூரம். காத்தாடி இல்லை.

தலையாரி பெட்டியைத் திறந்ததுமே ஓடினான், ஆமை ஓட்டம்தான். மதினி புல்லைக் கடித்துக்கொண்டே போனாள். தாசில்தார் வெகு நேரம் தலையை வெளியே நீட்டவில்லை. எல்லாரும் தள்ளி நின்றோம். சாரல் விழுந்து அவள் ஓடு நனைந்தது, கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அப்புறம் ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், புதருக்குள் போய்விட்டாள். கேமரா கழுத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

பொன்மணி கடைக்கு வந்தாள்.

மச்சான் அவளைப் பார்த்ததும் டீ சொல்லப் போகிறேன் என்று நழுவிவிட்டார். எழுத்து மங்குகிறது, தூரத்தில் பிடித்துப் படிக்கிறேன் என்றாள். நாற்பது ஆகிறதே, வெள்ளெழுத்து. நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டினேன். மெலிந்திருக்கிறாள். வேலை வரவில்லையாம், லிஸ்டில் வேறு யாரோ. சாம்ராஜ் இப்போது போனே எடுப்பதில்லையாம். வீடியோவையும் அவன் நீக்கவில்லை. எல்லாவற்றையும் அந்தக் கனத்த ஃப்ரேமுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். நான் லென்சை மாற்றி மாற்றிப் போட்டேன்.

"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"இது." ஃப்ரேமை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நான் செஞ்சது தப்புதான்ட்டி."

"கீழ் வரியப் படி."

படித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூக்கில் அந்தப் பழைய அம்மைத் தழும்பு. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று இருந்தது. ஞாயிறு காலை ஹாரன் அடித்தால் போதும்.

அப்போதுதான் கேட்டாள். "தாசில்தார விட்டுட்டாவளாமே. பேப்பர்ல பாத்தேன். எங்கனட்டி விட்டிய? ஒருக்கா பாத்துட்டு வந்துருதேன். மனசு கேக்கல. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். சொல்லமாட்டாள் என்றுகூட நினைக்கிறேன்.

"வாசுதேவநல்லூர்ப் பக்கம்" என்றேன். "கண்மாய்க் கரைக்கு மேல."

"எந்த பஸ்சு?"

அதையும் சொன்னேன். அந்தப் பையன்களை ஏற்றிவிட்ட அதே பஸ். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். நானும் அழுத்தினேன்.

பவர் ஒன்றே கால். கண்ணாடி சனிக்கிழமை ரெடியாகும் என்று சொல்லி அனுப்பினேன்.